மூன்று தவளை ஊற்றின் சத்தம்

அன்செல்ம் கோர்பேன் வெங்காய சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. வெளியே ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் கட்டியிருந்த முன்துணியை மடியாகச் சேர்த்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். உள்ளே வந்ததும் அதை மேசைமேல் அவிழ்த்தாள். ஒரு கூடை அளவுக்கு இலைகள் கொட்டின. ஆரஞ்சு மர இலைகள், பச்சை முழுவதும் போவதற்குள் உதிர்ந்தவை.

"இந்த எலைங்களுக்காகத்தான் ஐயா, என் புருஷனைத் திங்கட்கிழமை சங்கிலியில கோத்து மர்சேய்க்கு இழுத்துட்டுப் போகப் போறாங்க. துடுப்புக் கப்பல்ல கைதியா துடுப்பு வலிக்க. அங்க போனவங்க யாரும் திரும்பி வந்ததா நான் கேள்விப்பட்டதே இல்ல."

கோர்பேன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். மன்னரின் வல்கூர் அரண்மனைத் தோட்டத்துக்கு நீர்மட்டம் பார்க்கும் அளவையாளர் அவர். எந்த மேட்டில் வாய்க்கால் வெட்டினால் எந்தப் பள்ளத்தில் ஊற்று எழும்பும் என்று சொல்வதுதான் அவர் தொழில். ஒரு காலத்தில் இரண்டு பண்ணைக்காரர்களின் எல்லைக்கல் தகராறைத் தீர்த்துவைத்தார். அன்று முதல் ஊரில் எது காணாமல் போனாலும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது வழக்கமாகிவிட்டது.

மேசையின் மறுபக்கத்தில் டோப்பாக்காரர் மத்துரேன் உட்கார்ந்திருந்தார். பிரபுக்களின் தலைக்குப் பொய்முடி செய்பவர். மதிய நேரத்தில் அவர் யார் வீட்டு சூப்புக்கு முன்னால் இருப்பார் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அவருக்கு சூப்பைவிட வழக்கு ருசிக்கும்.

"நீங்க பெரின்தானே? துணி வெளுக்கிற இடத்துல இருக்கறவங்க? பிரெவான்லேர்ந்து வந்த தோட்டக்காரர் ஜெர்வேயோட சம்சாரம்?"

"ஆமா. அந்தத் துரோகியோட ஆளுங்கன்னு சொல்லுவீங்களே, நாங்கதான்."

மத்துரேன் சூப்புக் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டார். அவரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

பிரெவான் பிரபு செய்த குற்றம், மன்னரைவிட அழகான தோட்டம் போட்டது. போட்டதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். மன்னரை விருந்துக்கு அழைத்து அதைச் சுற்றிக் காட்டினார். மன்னர் அன்று மாலை முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாராம். மூன்றே வாரத்தில் பிரெவான் பிரபு கோட்டைச் சிறையில் இருந்தார். பிறகு வண்டிகள் போயின. சிலைகள், ஈயக் குழாய்கள், பெட்டியில் வைத்த ஆரஞ்சு மரங்கள் எல்லாம் வல்கூருக்கு வந்து சேர்ந்தன. மரங்களைப் பார்த்துக்கொள்ள ஜெர்வேயும் கூட வந்தான். வந்து மூன்று மாதமாகிறது. இன்னமும் ரொட்டிக் கடையில் பெரினுக்குக் கடைசியாகத்தான் ரொட்டி கிடைக்கிறது.

"எல்லாம் அவளால வந்த வினை ஐயா," என்றாள் பெரின். "மார்கோ. காலையில எழுந்தா அவ கிட்டதான் பேச்சு. சாயங்காலம் வந்தா அவளைப் பத்திதான் பேச்சு."

மத்துரேனின் காது நிமிர்ந்தது. "அடடே! வேற பொம்பளையா?"

"மரம்," என்றாள் பெரின்.

கோர்பேனின் உதடு லேசாக அசைந்தது. "மரத்துக்கு என்ன ஆச்சு?"

"செவ்வாய்க்கிழமை எலை உதிர ஆரம்பிச்சுது. நேத்து மொட்டையா நின்னுது. மன்னர் ஞாயித்துக்கிழமை வேட்டையிலேர்ந்து திரும்பறாரு. அவர் ஜன்னலுக்கு நேரா நிக்கிற மரம். யார் தலையாவது உருளணுமில்ல? பழைய எஜமான் மேல விசுவாசத்துல இவரே விஷம் வெச்சுட்டாருன்னு பிடிச்சுட்டுப் போயிட்டாங்க."

"சாட்சி இருக்கே," என்றார் மத்துரேன். "தெவீல் பிரபு எழுதியே குடுத்துட்டார். மன்னர் உலாவப் போறப்போ கைத்தடி ஏந்திட்டுப் போவாரே, அவர்தான். இந்தத் தடவை வேட்டைக்குக் கூட்டிட்டுப் போகல. பத்து நாளா அரண்மனையில ஈ ஓட்டிட்டு இருக்கார். நேத்து டோப்பாவுக்கு மாவு பூசும்போது என்கிட்ட முழுக்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலையில ஆறு மணிக்குத் தூக்கம் வரலையாம். ஆரஞ்சு முற்றத்துப் பக்கம் நடந்தாராம். மூணு தவளைச் சிலை வாயிலேர்ந்து தண்ணி கொட்டுமே, அந்த ஊற்றுக்குப் பின்னால நின்னு பார்த்தா, ஜெர்வே ஒரு வாளியைத் தூக்கிட்டு வந்து மரத்துப் பெட்டியில ஊத்தினானாம். 'டேய்'னு கூப்பிட்டாராம். ஊற்றுச் சத்தத்துல அவனுக்குக் கேக்கலையாம்."

கோர்பேன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"பொய்!" என்றாள் பெரின். "மூணு வாளி தூக்கற இடுப்பா அது? குளிர்காலத்துல வண்டி ஏத்தும்போது பிடிச்ச பிடிப்பு இன்னும் விடல. நான்தான் தினம் எண்ணெய் தேய்க்கிறேன்."

கோர்பேன் அவளுடைய கைகளைப் பார்த்தார். விரல் இடுக்குகளெல்லாம் சிவந்து வெடித்திருந்தன. "சூப் குடிக்கிறீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

*

மன்னர் இல்லாத அரண்மனைத் தோட்டத்தைப் போல வெறிச்சென்ற இடம் வேறு இல்லை. மன்னர் இருந்தால் பாதையெல்லாம் பட்டும் சிரிப்புமாக இருக்கும். அவர் போனதும் எல்லோரும் கூடவே போய்விடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஆரஞ்சு முற்றத்தில் கோர்பேனின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. மத்துரேனின் மூச்சும் கேட்டது. அவர் கொஞ்சம் பருமன்.

வேலியோரம் ஊற்றுக்காரர்களின் தலைவன் கிளோத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருந்தான். கழுத்தில் ஊதல் தொங்கியது.

"என்ன கிளோத், தூக்கமா?"

"வேற என்ன வேலை அளவுக்காரரே? பத்து நாளா ஊதல்ல எறும்பு குடியிருக்கு."

கோர்பேன் தலையசைத்துவிட்டு மார்கோவிடம் போனார். இடுப்பு உயரப் பெட்டியில் நின்றது அந்த மரம். கிளைகள் மொட்டையாக இருந்தன. அடித்தண்டில் ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு தெரிந்தது. அவர் சூரியனைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்து, குடுவையிலிருந்து தண்ணீர் விட்டு விரல்களால் தேய்த்தார்.

"தொட்டுப் பாருங்க."

மத்துரேன் தொட்டார். "வழுவழுன்னு இருக்கே! சவுக்காரம் மாதிரி. ஐயோ, விஷம்! நான் நினைச்சேன். இத்தாலிக்காரன் வேலைதான் இது. பொடிக்கடை வெச்சிருக்கானே..."

"இத்தாலிக்காரனை விடுங்க. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"துணி வெளுக்கிற இடம். ஏன்?"

"சும்மா கேட்டேன். இந்த வழவழப்பைப் பத்தி யார்கிட்டயும் வாய் திறக்காதீங்க. உங்க தொழில் மேல ஆணை."

மத்துரேனுக்கு வாய் திறக்காமல் இருப்பது மரண வேதனை. ஆனால் கோர்பேன் தொழில் மேலேயே ஆணை வைத்துவிட்டார்.

ஜெர்வேயைக் கருவிகள் வைக்கும் நிலவறையில் அடைத்திருந்தார்கள். ஒல்லியான, கூன் விழுந்த மனிதன். காவலன் வைத்துவிட்டுப் போன சூப் ஆவி பறந்து, ஆறி, ஆடை படிந்து கிடந்தது. குளிர்ந்த தண்ணீர்க் குடுவை மட்டும் காலியாக இருந்தது.

"மரத்துல என்ன ஊத்தியிருக்காங்க ஜெர்வே?"

"தெரியாதுங்க." நாக்கு தடித்ததுபோல் வார்த்தை குழறியது. 

"மண்ணைப் பார்த்தியா?"

"பார்க்கலங்க. மரத்துக்கு நான் பொறுப்பு. அது போச்சுன்னா நான்தான் போகணும். இதுல விசாரிக்க ஒண்ணும் இல்லைங்க."

"சுண்ணாம்புக் கோடு போட்டது நீதானே?"

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். "பிரெவான்ல பெட்டியில ஏத்தறப்போ வடக்குப் பக்கம் போட்டேன். எந்தப் பக்கம் வெயில் பார்த்து வளர்ந்துதோ அந்தப் பக்கமே மறுபடியும் வெயில் பார்க்கணும். இங்க வந்ததும் திருப்பி வெக்கச் சொன்னாங்க. தழைச்ச பக்கம் ஜன்னல்லேர்ந்து தெரியணுமாம். யார் சொன்னாங்கன்னு கேக்காதீங்க."

"கேக்கல," என்றார் கோர்பேன்.

அவர் எழுந்து வாசலுக்குப் போனதும் ஜெர்வே கூப்பிட்டான். "ஐயா, பெரின் சாப்பிட்டாளா?"

வெளியே வந்ததும் மத்துரேன் பொரிந்து தள்ளினார். "ஒண்ணுமே தெரியாதுங்கிறான்! இவனுக்காக நாம ஏன் அலையணும்?"

"பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த மரம். அதுல ஒரு கிளையாவது பிழைச்சுதான்னு அவன் கேக்கவே இல்ல, கவனிச்சீங்களா?" என்றார் கோர்பேன்.

*

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் ஆரஞ்சு முற்றத்தில் கூடினார்கள். அரண்மனை மேலாளர் ரொவிலார் எழுத்தரோடு வந்தார். மன்னர் வருவதற்குள் இந்தத் தலைவலி தீர்ந்தால் போதும் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஜெர்வே சங்கிலியோடு நின்றான். பெரின் சுவரோரம் நின்றாள். தெவீல் பிரபு நீலப் பட்டில், மத்துரேன் பூசிய மாவு கலையாமல் வந்தார். முப்பது வயது இருக்கும். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவர் நடையில் தெரிந்தது.

"பிரபு, நீங்க எழுதினதை வாயால ஒரு தடவை சொல்ல முடியுமா?" என்று பணிவாகக் கேட்டார் கோர்பேன்.

"தாராளமா. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. அதோ, அந்த மூணு தவளைக்குப் பின்னாடி நின்னேன். இந்த ஆள் வாளியோட வந்தான். ரெண்டு தடவை கூப்பிட்டேன். தவளை வாயிலேர்ந்து தண்ணி கொட்டற சத்தத்துல கேக்கல. சாரல் அடிச்சு என் சட்டைக் கை முழுக்க நனைஞ்சு போச்சு."

"நனைஞ்சுதா?"

"சொட்டச் சொட்ட."

"கிளோத்," என்று திரும்பினார் கோர்பேன். "மூணு தவளை கடைசியா எப்போ ஓடிச்சு?"

கிளோத் தலையைச் சொறிந்தான். "மன்னர் வேட்டைக்குப் புறப்பட்ட அன்னிக்குங்க. இன்னியோட பதினோரு நாளு."

தெவீல் சிரித்தார். "என்ன உளறல் இது? மூணு வருஷமா இந்தத் தோட்டத்துல நடக்கறேன். அந்த ஊற்று ஒரு நாள்கூட நின்னு நான் பார்த்ததில்ல."

"பார்த்திருக்க மாட்டீங்க பிரபு," என்றார் கோர்பேன். "இந்தத் தோட்டத்துல இருக்கற ஊற்றுக்கெல்லாம் ஒரே நேரத்துல தண்ணி விட்டா அரைமணி நேரத்துல தொட்டி காலி. நான் அளந்து சொன்ன கணக்கு அது. அதனால வேலிக்குப் பின்னால ஆளுங்க ஒளிஞ்சிருப்பாங்க. மன்னர் வளைவு திரும்பறதுக்கு முன்னாடி ஒருத்தன் ஊதுவான். அடுத்தவன் திறப்பான். அவர் கடந்து போனதும் மூடுவான். மன்னருக்கு முன்னாடி ஓடும், அவர் முதுகுக்குப் பின்னாடி நின்னுடும். நீங்க எப்பவும் அவருக்கு ரெண்டடி பக்கத்துல நடந்தீங்க. அதனால உங்களைப் பொறுத்தவரை எல்லா ஊற்றும் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கு. நீங்க செவ்வாய்க்கிழமை இங்க வரல. தனியா என்னிக்குமே இங்க வந்ததில்ல. வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். தனியா நடக்கறவங்களுக்கு இங்க எதுவும் ஓடாது."

மூன்று தவளைகளும் வாயைப் பிளந்து காய்ந்து கிடந்தன. தெவீல் அவற்றையே பார்த்தார். நீலப் பட்டுக்குள் அவர் சுருங்கிப் போனதுபோல் இருந்தது.

"என்னை விட்டுட்டுப் போயிட்டார்," என்றார் மெதுவாக. "காரணம்கூடச் சொல்லல. பதினோரு நாளா என்கிட்ட பேசினது இந்த டோப்பாக்காரன் ஒருத்தன்தான். பிரெவான் பேரைக் கேட்டாலே மன்னருக்கு இன்னும் நெஞ்சு எரியும். பிரெவானோட ஆள் ஒருத்தனைப் பிடிச்சுக் குடுத்தா மறுபடியும் பக்கத்துல கூப்பிடுவார்னு நினைச்சேன்."

இவ்வளவு சின்ன ஆசைக்கு ஒரு மனிதனைத் துடுப்புக் கப்பலுக்கு அனுப்பப் பார்த்தாரே என்று மத்துரேனுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை.

ரொவிலார் பொறுமையிழந்தார். "சரி, இவர் பொய் சொன்னார். இன்னிக்கே மூட்டை கட்டட்டும். ஆனா மரம் செத்திருக்கே! அதைக் கொன்னது யாரு?"

கோர்பேன் மார்கோவின் அருகில் போய்ச் சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டார். "நாப்பது வருஷம் ஒரே இடத்துல நின்ன மரம் ஐயா. மார்ச் மாசக் குளிர்ல ரெண்டு நாள் வண்டியில வந்திருக்கு. இந்தக் கோடு வடக்கே இருக்கணும். தெற்கே இருக்கு. வெயிலே படாம வளர்ந்த பக்கத்தை மூணு மாசமா வெயில்ல காட்டி வெச்சிருக்கோம். திருப்பி வெக்கச் சொன்னது யாருன்னு எழுத்தரை எழுதச் சொல்லுங்க. அந்தப் பேரையும் மன்னர்கிட்ட காட்டணும்."

எழுத்தரின் இறகு மைக்கூட்டின்மேல் நின்றது. ரொவிலார் ஜன்னலைப் பார்த்தார். அந்த ஜன்னல் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"பயண அலுப்புல பட்டுப்போச்சுன்னு எழுது," என்றார் ரொவிலார் அவசரமாக. "பேர் கீர் ஒண்ணும் வேண்டாம். கீழ் அறையில சாவி இருக்கு, இந்த ஆளைக் கூட்டிட்டுப் போய்ச் சங்கிலியைக் கழட்டுங்க. அப்புறம் இங்க வேற மரத்தைக் கொண்டுவந்து வையுங்க."

*

எல்லோரும் போனபின் சுவரோரம் பெரின் மட்டும் நின்றாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். கோர்பேன் கையைக் காட்டித் தடுத்தார்.

"மரம் திருப்பி வெச்சதுல வாடியிருக்கும். ஆனா ரெண்டு நாள்ல மொட்டையாகாது. தெவீல் ஒரு வாளின்னுதான் எழுதினார். நீங்க மூணுன்னு சொன்னீங்க."

மத்துரேன் திகைத்துப்போய் இருவரையும் பார்த்தார். சவுக்காரம் மாதிரி வழுக்கிய மண் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. துணி வெளுக்கும் சாம்பல் காரநீர்! தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார்.

பெரின் மறுக்கவில்லை. "போன ஞாயித்துக்கிழமை. எல்லாரும் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தாங்க. என்னைக் காணோம்னு தேட யாரு இருக்கா? பக்கத்துல உக்காரக்கூட ஆள் கிடையாது. மூணு தடவை போய் ஊத்தினேன். அவ செத்தா எங்களுக்கு இங்க வேலை இல்ல, ஊருக்குப் போங்கன்னு அனுப்பிடுவாங்கன்னு நினைச்சேன். கப்பலுக்கு அனுப்புவாங்கன்னு சத்தியமா தெரியாது ஐயா. இந்த ஊர்ல என்கிட்ட பேச இருந்தது அவர் ஒருத்தர்தான். அவரும் மரத்துக்கிட்டப் பேசினார்."

அவள் அழுதாள். ஒரு மன்னர் அடுத்தவன் தோட்டத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். அவருக்கு நூறு வண்டிகள் இருந்தன. இவளிடம் மூன்று வாளிதான் இருந்தது. கோர்பேனால் அவளைக் கண்டிக்க முடியவில்லை. மன்னரின் பெரிய கால்வாய்க்கு மட்டம் பார்த்துக்கொண்டு அவர் மூன்று வாரம் கூடாரத்தில் கிடந்தபோதுதான் அவருடைய மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுக்கும் பேச ஆள் இருந்திருக்காது.

"அவர்கிட்ட நானே சொல்லிடறேன்," என்றாள் பெரின். "அடிச்சாலும் சரி, விட்டுட்டுப் போனாலும் சரி."

"அவருக்குத் தெரியும்மா."

அவள் கண்ணீரோடு நிமிர்ந்தாள்.

"தோட்டக்காரங்க மண்ணை நாக்குல வெச்சுப் பார்ப்பாங்க. உங்க புருஷன் வார்த்தை குழறுது. சூடா எதுவும் சாப்பிட முடியல. நாக்கு வெந்திருக்கு. என்ன ஊத்தியிருக்குன்னு முதல் நாளே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. யார்கிட்ட அந்தத் தண்ணி இருக்கும்னும் தெரிஞ்சுபோச்சு. ஆனா என்கிட்ட மண்ணையே பார்க்கலன்னு சாதிச்சார். திங்கட்கிழமை வரைக்கும் அப்படியே வாயை மூடிட்டு இருந்து, சங்கிலியில கோத்துக்கிட்டுப் போயிருப்பார்."

பெரின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நிலவறைப் படியில் காலடி கேட்டது. ஜெர்வே மணிக்கட்டைத் தேய்த்தபடி ஏறி வந்தான். பக்கத்தில்தான் மார்கோ நின்றது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேராக வந்து, வலிக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பெரினுக்கு எதிரே மெதுவாகக் குந்தினான். அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"ரொம்ப எரியுதா?"

அவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க நாக்கு?"

"பரவாயில்ல," என்றான் ஜெர்வே. "ஆறிடும்."

மத்துரேன் சத்தமாக மூக்கைச் சிந்தினார். கோர்பேன் அவர் தோளைத் தட்டி, வரச் சொல்லிச் சைகை காட்டினார். ஆனால் மத்துரேனுக்கு அங்கிருந்து போக மனம் வரவில்லை. ரொட்டி வாங்கி வருகிறேன், நாலு பேருமாகச் சாப்பிடலாம் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோர்பேன் அளவுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடுப்பாதை வழியாக வீட்டுக்கு நடந்தார். மூன்று தவளைகளைத் தாண்டினார். வளைவு திரும்பினார். வேலிக்குப் பின்னால் கிளோத் இருந்தான், அவரைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான். யாரும் ஊதவில்லை.